புதிய மீனை யார் தேர்ந்தெடுப்பது?

(கிழக்குத் தாம்பரத்தில் கடல்மீன் வளர்ப்பில் ஆர்வமுள்ளவர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் இன்று பேசப்போவது ஒரே ஒரு கேள்வியைப் பற்றி. வீட்டில் கடல்மீன் தொட்டி இருக்கிறது. நான்கு மீன்கள் நன்றாக இருக்கின்றன. ஐந்தாவதாக ஒன்று வாங்க ஆசை. எதை வாங்குவது? இதற்கு உங்கள் கண் ஒரு பதில் சொல்லும், உங்கள் குழந்தை ஒரு பதில் சொல்லும், கடைக்காரர் ஒரு பதில் சொல்வார். ஆனால் பதில் சொல்லும் உரிமை உள்ளவர்கள் வேறு நான்கு பேர். அவர்கள் உங்கள் தொட்டிக்குள் நீந்திக்கொண்டிருக்கிறார்கள். பணம் கொடுப்பது நீங்கள், தேர்ந்தெடுப்பது அவர்கள். இதைத்தான் இன்று திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

கடல்மீனைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்ப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. இந்தியாவின் முதல் கடல்மீன் காட்சியகம் 1909-இல் நம் மெரினா கடற்கரையில்தான் திறக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது. இரண்டாம் உலகப்போர் அச்சத்தில் 1942-இல் மூடினார்கள். அவர்களுக்கு வாசலிலேயே கடல். நமக்கோ கடல் 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நெம்மேலியில் 2013 முதல் அரசாங்கம் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து நகரத்துக்குக் குடிநீர் அனுப்புகிறது. நாம் என்ன செய்கிறோம்? நல்ல ஆர்.ஓ. தண்ணீரைப் பிடித்து, லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் உப்பைக் கரைத்து, அதை மறுபடி கடலாக்குகிறோம்! வீட்டுக்காரம்மா சிரிப்பதில் தப்பே இல்லை.

சரி, மீனுக்கு வருகிறேன். கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போயிருப்பீர்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நன்னீர் மீன்களைப் பையில் கட்டி வைத்திருப்பதையும் பார்த்திருப்பீர்கள். கடல்மீன் கடையில் ஒரே தொட்டியில் பத்து டாம்செல், இரண்டு டேங், ஒரு பட்டர்ஃப்ளை எல்லாம் சமாதானமாகச் சுற்றும். “பாருங்க சார், ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு ஒற்றுமை!” என்பார் கடைப் பையன். அந்த ஒற்றுமையை நம்பலாமா? கடைத் தொட்டியில் பாறை இல்லை, பொந்து இல்லை. நேற்று வந்த மீன் நாளை விற்றுப் போகும். ‘இது என் இடம்’ என்று எந்த மீனும் நினைக்க அங்கே வழியே இல்லை. அதே மீனை உங்கள் வீட்டுப் பாறைக்குள் விட்டு மூன்று வாரம் கழித்துப் பாருங்கள்!

தாம்பரத்தில் புறப்படும் கடற்கரை ரயிலில் முதலில் ஏறியவர் எப்படி உட்காருவார்? பக்கத்தில் பை, எதிர்ச் சீட்டில் கால். பல்லாவரத்தில் ஏறுகிறவரை அவர் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதுதான் தொட்டியில் முதலில் விட்ட மீனின் பார்வை. அதனால்தான் எந்த மீன் என்பதைப் போலவே எந்த வரிசையில் என்பதும் முக்கியம். பயந்த சுபாவம் உள்ளது முதலில் வர வேண்டும். முரடன் கடைசியில் வர வேண்டும், அல்லது வரவே கூடாது.

நடப்பது என்ன? நேர் தலைகீழ். புதுத் தொட்டியில் மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அந்த நாட்களின் நச்சைத் தாங்கக்கூடியது டாம்செல் என்று சொல்லி, மலிவாக மூன்று டாம்செல்லை முதலில் விற்றுவிடுவார்கள். அதுவும் தாங்கிவிடும், பாவம். தாங்கியபின் தொட்டி முழுவதும் அதற்குச் சொந்தம். நீங்கள் ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிவரும் ஒவ்வொரு மீனையும் அந்த விரல் நீள மீன் துரத்தும். அதைப் பிடித்து வெளியே எடுக்கலாமே என்பீர்கள். பாறை முழுவதையும் வெளியே எடுத்து வைக்காமல் ஒரு டாம்செல்லைப் பிடித்தவர் இந்த அவையில் இருந்தால் கை தூக்குங்கள். … யாரும் இல்லை. மீனே இல்லாமல் தொட்டியைப் பக்குவப்படுத்த முடியும். கடையில் கிடைக்கும் அம்மோனியம் குளோரைடு கரைசலில் சில சொட்டு போதும். ஒரு உயிரை நச்சில் விட்டுச் சோதிக்க வேண்டியதில்லை.

மீன் ஏன் சண்டை போடுகிறது? விலங்கு நடத்தை ஆய்வுக்காக 1973-இல் நோபல் பரிசு பெற்றவர் கான்ராட் லோரன்ஸ். அவர் 1963-இல் எழுதிய ஆக்கிரமிப்பு பற்றிய புத்தகமே பவளப்பாறை மீன்களில்தான் தொடங்குகிறது. சுவரொட்டி மாதிரிப் பளிச்சென்று நிறம் கொண்ட மீன்கள் மற்ற இனத்தைவிடத் தன் இனத்தைத்தான் கடுமையாகத் தாக்குகின்றன என்று அவர் கவனித்தார். நிறம் என்பது ‘இங்கே ஆள் இருக்கிறது’ என்று தன் இனத்துக்குக் காட்டும் கொடி என்பது அவருடைய விளக்கம். பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். பாறையில் பாசியை வளர்த்துக் காவல் காக்கும் டாம்செல், பாசி தின்ன வரும் எந்த இனத்தையும் விரட்டுகிறது என்று கண்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். புதிய மீன், பழைய மீனின் இனமா? அதே நிறமா? அதே உடல் வடிவமா? அதே உணவா? அதே பொந்தில் படுக்குமா? ‘ஆம்’ என்ற பதில் கூடக்கூடச் சண்டையும் கூடும்.

மஞ்சள் டேங் இருக்கும் தொட்டியில், அதே தட்டு வடிவத்தில் இன்னொரு டேங் வாங்கி விடுகிறவரைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். டேங்கின் வாலடியில் இரண்டு பக்கமும் ஒரு முள் உண்டு. அறுவைக் கத்திக் கூர்மை. சண்டை என்பது முறைத்துப் பார்ப்பதோடு நிற்காது. அதே டேங் தரையோடு கிடக்கும் கோபி மீனைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வடிவம் வேறு, உணவு வேறு, படுக்கும் இடம் வேறு. அதற்கு இது ஒரு போட்டியே இல்லை.

இப்போது எல்லோருக்கும் பிரியமான க்ளவுன் மீனுக்கு வருவோம். 2003-இல் ‘ஃபைண்டிங் நீமோ’ வந்ததிலிருந்து இந்த மீன் இல்லாத கடல்மீன் தொட்டியே இல்லை. பிள்ளைகள் கேட்பது எத்தனை? “அப்பா நீமோ, அம்மா நீமோ, பாப்பா நீமோ, மூணு வேணும்!” இங்கேதான் சிக்கல். கடலில் ஒரு கடல்சாமந்தியில் வாழும் க்ளவுன் கூட்டத்தில் மிகப் பெரியது பெண். அடுத்த அளவு ஆண். மற்றதெல்லாம் ஆணும் அல்லாத, பெண்ணும் அல்லாத சின்னதுகள். பிறக்கும்போது எல்லாம் ஒன்றே. வளர்ச்சியில் முதலில் ஆணாகும், தலைமை கிடைத்தால் பெண்ணாகும். பெண் இறந்தால் அந்த ஆண் பெண்ணாக மாறும். வரிசையில் அடுத்த சின்னது ஆணாகும். அந்தப் படத்தை எடுத்தவர்கள் உயிரியல்படி எடுத்திருந்தால் தாயை இழந்த நீமோவின் அப்பா, அம்மாவாகியிருப்பார். கதை வேறு மாதிரி போயிருக்கும்!

இதில் நமக்கு என்ன? மீன் தன் அளவை வைத்தே தன் இடத்தை அறிகிறது. ஒரே அளவில் இரண்டு பெரிய க்ளவுன் வாங்கினால் இரண்டும் பெண்ணாக இருக்கலாம். அப்படியானால் ஒன்றுதான் மிஞ்சும். ஒன்று பெரிதாக, ஒன்று கண்ணுக்குத் தெரியும்படி சின்னதாக வாங்கினால் ஜோடி சேர வழி உண்டு. சேர்ந்துவிட்டதை எப்படி அறிவது? கண்ணாடி முன் உட்கார்ந்து பாருங்கள். பெரியது நெருங்கி வரும். சின்னது ஓடாது. பக்கவாட்டில் சாய்ந்து உடம்பை வெடவெடவென்று நடுக்கிக் காட்டும். காய்ச்சல் வந்த மாதிரி இருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவார்கள். நோய் இல்லை. ‘நீதான் பெரியவள், நான் போட்டிக்கு வரவில்லை’ என்கிறது அது. அந்த நடுக்கத்தைப் பார்த்தால் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். சின்னது நடுங்காமல், மேல் மூலையில் ஹீட்டர் ஒயருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டால் அன்று இரவே பிரித்துவிடுங்கள்.

மூன்றாவது க்ளவுன்? மூன்றடித் தொட்டியில் வேண்டவே வேண்டாம். ஜோடி சேர்ந்தபின் மூன்றாவதுக்கு அங்கே இடம் கிடையாது. வேறு க்ளவுன் இனத்தையும் கலக்காதீர்கள். நீமோ இனம் முழுதாக வளர்ந்தாலும் 10 சென்டிமீட்டர் அளவில் நிற்கும். நம் மன்னார் வளைகுடாவில் உள்ள செபே க்ளவுன் 15 சென்டிமீட்டரை எட்டும். குணமும் அதற்கேற்ற குணம்.

அடுத்தது வாய். மீனின் நீளத்தைப் பார்க்கிறோம், வாயைப் பார்க்கிறோமா? லயன் மீன் சண்டைக்காரன் அல்ல. துரத்தாது, கடிக்காது. செட்டை விரித்து அப்படியே மிதக்கும். வாய்க்குள் போகும் அளவில் எது இருந்தாலும் ஒரே உறிஞ்சலில் முடிந்தது. காலையில் எண்ணும்போது கார்டினல் மீன் ஒன்று குறையும். அடுத்த வாரம் இன்னொன்று. முதுகு முள்ளில் விஷம் வேறு. கிளாத்தி இனத்து ட்ரிகர் இறாலையும் நண்டையும் உடைத்துத் தின்னவே பிறந்தது. அழகான க்ளீனர் இறால் வைத்திருக்கும் வீட்டில் அதற்கு வேலை இல்லை. களவாக் குஞ்சு, பேத்தை, எல்லாமே சின்னதில் அழகுதான். ‘டோரி’ என்று குழந்தைகள் கேட்கும் நீல டேங், கடையில் தீப்பெட்டி அளவில் இருக்கும். வளர்ந்தால் 30 சென்டிமீட்டர். நாள் முழுக்க நீந்தும். மூன்றடித் தொட்டியில் மூன்று உடல் நீளம் போனால் கண்ணாடி வந்துவிடும். அதை வைக்க ஆறடித் தொட்டி இல்லையென்றால், நீமோ படத்தை இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்கள், போதும்.

எல்லோரோடும் ஒத்துப்போகும், ஆனால் உங்களோடு ஒத்துப்போகாத மீன்களும் உண்டு. பட்டர்ஃப்ளை இனத்தில் பல, பவளப்பூச்சியைத் தவிர வேறெதையும் தின்னாது. மேண்டரின் மீன் பாறையில் ஊரும் கண்ணுக்கு எட்டாத சிறு உயிர்களை நாளெல்லாம் கொத்தும். புதுத் தொட்டியில் அவ்வளவு உயிர் ஏது? மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் க்ளீனர் ராஸ் பெரும்பாலும் வீட்டில் பசியால் மெலிந்தே சாகிறது. இவை சண்டையில் சாவதில்லை. உங்கள் கண் முன்னால், நீங்கள் தினமும் உணவு போட்டுக்கொண்டிருக்கும்போதே சாகும்.

அதனால் கடையில் ஒரு வேலை செய்யுங்கள். “அண்ணே, இதுக்குக் கொஞ்சம் தீனி போடுங்க, பார்க்கணும்” என்று கேளுங்கள். பாய்ந்து தின்கிறதா? மேலிருந்து பார்த்தால் தலைக்குப் பின்னால் முதுகு பள்ளமாக இருக்கிறதா? செவுள் பதறுகிறதா? நேற்று வந்த மீனா, இரண்டு வாரமாக இருக்கிறதா? வெளிநாட்டிலிருந்து வரும் மீன்களில் சில இன்னமும் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கப்பட்டவை. கடையில் தின்னும், வீட்டிலும் தின்னும், பத்து நாளில் போய்விடும். முன்பணம் கொடுத்துவிட்டு, “பத்து நாள் கழித்து வந்து எடுத்துக்கொள்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நேராகத் தொட்டியிலா விடுவது? கூடாது. 40 லிட்டரில் தனித் தொட்டி, ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு, காற்றுக்குழாய்; நான்கு வாரம் அங்கே இருக்கட்டும். வெள்ளைப்புள்ளி நோயின் ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி, மணலில் கூடு கட்டி, பல நாள் கழித்து நூற்றுக்கணக்கில் வெளிவரும். புள்ளி மறைந்ததும் குணமாகிவிட்டது என்று நினைப்பது அதனால்தான் தப்பு. பெரிய தொட்டியில் வந்துவிட்டால் தாமிர மருந்து போட வேண்டும்; தாமிரம் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

நான்கு வாரம் முடிந்தது. இப்போது மாற்றுகிற நாள். பழைய மீன்களுக்கு வயிறு நிறையப் போடுங்கள். நான்கைந்து பாறைகளை இடம் மாற்றி வையுங்கள். யாருடைய எல்லை எது என்பது குழம்பட்டும். எல்லோரும் புதிதாக இடம் தேடும் நேரத்தில் புதியவரும் தேடட்டும். துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் புதிய மீனைத் தொட்டிக்குள்ளேயே இரண்டு நாள் தொங்கவிடுங்கள். பார்க்கட்டும், தொடக் கூடாது. பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் திறந்துவிடுங்கள். முறைத்துத் துரத்தினால் பொறுங்கள். செட்டை கிழிந்தால் பொறுக்காதீர்கள். பழைய டேங் விடாமல் விரட்டினால், தொட்டிக்கு வெளியே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வையுங்கள். தன் நிழலோடு அது மல்லுக்கு நிற்கும்போது புதியவருக்கு மூச்சு கிடைக்கும்.

மூச்சு என்று சொன்னேன். நம் புறநகருக்கு இது தனிப் பாடம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். அதே சூட்டில் கடல்நீரில் 7-ஐக்கூடத் தொடாது. வெப்பம் ஏற ஏற இன்னும் குறையும். சித்திரை வெயிலில் சில்லர் இல்லாத தொட்டி எத்தனை டிகிரி காட்டும் என்று உங்களுக்கே தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி இருந்தன? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையில் கரண்ட் எப்போது வந்தது? மோட்டார் நின்ற தொட்டியில் ஐந்து மீன் இருந்தால் பேட்டரி காற்றுப் பம்பு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பன்னிரண்டு இருந்தால் தாக்குப்பிடிக்காது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி என்றால் விளிம்புவரை சுமார் 190 லிட்டர். பாறையும் மணலும் போக 150 என்று வையுங்கள். ஒரு கோபி, ஒரு பிளென்னி, ஒரு கார்டினல், கடைசியில் ஒரு க்ளவுன் ஜோடி. அதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். கஞ்சத்தனம் என்று திட்டுங்கள், பரவாயில்லை.

இன்னொரு பொருத்தம் இருக்கிறது. சட்டத்தோடு பொருத்தம்! பவளம், கடல்குதிரை இரண்டும் 2001-இலேயே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. ‘லைவ் ராக்’ என்று யாராவது பவளத் துண்டைப் பையில் போட்டுக் கொடுத்தால் அதை வாங்குவதும் வைத்திருப்பதும் சிறைக்குரிய குற்றம். கடல்குதிரை எவ்வளவு அழகாக இருந்தாலும் கையை நீட்டாதீர்கள். பீங்கான் பாறை போதும். பாக்டீரியாவுக்குப் பேதம் தெரியாது.

அதற்குப் பதில் இங்கேயே பிறந்த மீனைத் தேடுங்கள். மண்டபத்திலும் விழிஞ்சத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் க்ளவுனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையைக் கண்டிருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அதைச் செய்திருக்கிறது. குஞ்சிலிருந்தே தொட்டியில் வளர்ந்த மீன் உலர்தீனி தின்னும், ஆளைக் கண்டு பதறாது, அதற்குக் கடல்சாமந்தியும் தேவையில்லை. நம் பக்கத்து முட்டுக்காட்டிலேயே மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் களம் இருக்கிறது. சில்வர் மூனி, ஸ்காட், கேரளத்துக்காரர்கள் கரிமீன் என்று வறுத்துத் தின்னும் மீன் எல்லாம் அவர்கள் இனப்பெருக்கம் செய்து பார்த்தவை. முழுக் கடல்நீர் கட்டுப்படியாகாதவர்களுக்கு அரை உப்பில் வாழும் இவை நல்ல தொடக்கம்.

கடைசியாக ஒன்று. ஒத்துப்போகாத மீனை என்ன செய்கிறீர்கள்? கோவளத்தில் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டால் புண்ணியம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் பக்கத்துக் கடல்களில் வாழும் லயன் மீன் 1985-இல் அமெரிக்காவின் புளோரிடா கரையில் தென்பட்டது. தொட்டியிலிருந்து வெளியேறிய மீன்களே காரணம் என்று நம்பப்படுகிறது. இன்று கரீபியன் கடல் முழுவதும் அது பரவி, அங்குள்ள சின்ன மீன்களைத் தின்று தீர்க்கிறது. இங்கே? ‘டேங்க் க்ளீனர்’ என்று நாம் வாங்கிச் சலித்துப்போய் விட்ட நன்னீர் மீன், சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வேண்டாத மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், காசு கிடைக்காவிட்டாலும். அல்லது பெரிய தொட்டி உள்ள நண்பரிடம் கொடுங்கள். தண்ணீரில் மட்டும் விடாதீர்கள்.

அடுத்த வாரம் கொளத்தூர் போகிறவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். போகும்முன் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: தொட்டியின் நீளம், அகலம், உயரம், உள்ளே இருக்கும் ஒவ்வொரு மீனின் பெயர், இன்றைய அளவு, வந்த வரிசை, எது எந்தப் பொந்தில் படுக்கிறது. கடையில் மீனைக் காட்டுவதற்கு முன்னால் அந்தச் சீட்டைக் காட்டுங்கள். அதைப் படிக்காமலே வலையை எடுக்கும் கடையில் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.